ஆனித் தேரோட்டம்: படமும் எடுத்து, கண்ணாலும் பார்க்க ஒரு செய்முறை

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்திலிருந்து ஒருமுறை இருநூறு படங்களுடன் வீடு திரும்பினேன். "எய்யா, சாமி தேரு எந்த முக்குல ரொம்ப நேரம் நின்னுச்சு?" என்று ஆச்சி கேட்டபோது, அலைபேசியைத் தடவித்தான் பதில் தேட வேண்டியிருந்தது. அதன்பின் நான் கைக்கொண்ட முறை இது.

முதலில், எண்ணிக்கையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள். ஆகவே ஐந்தே படங்கள். இணையத்தை அணைத்துவிடுங்கள். செல்ஃபிக் குச்சியைக் கொண்டுவரவே வேண்டாம். பின்னால் நிற்பவருக்கு அது தேரை மறைக்கும்.

அடுத்து, ரத வீதியின் முக்கு ஒன்றில் நில்லுங்கள். தேர் திரும்ப நேரம் எடுக்கும் என்பதால், பார்க்கவும் எடுக்கவும் அவகாசம் கிடைக்கும்.

தேர் கண்ணில் பட்டதும் அலைபேசியை எடுக்காமல், முதலில் காதைக் கொடுங்கள். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், படமெடுத்தபடி சுற்றிப் பார்த்தவர்கள் கண்டதைக் கூடுதலாகவும் கேட்டதைக் குறைவாகவும் நினைவில் வைத்திருந்தார்கள். கொட்டுச் சத்தமும், சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களின் கூச்சலும் அப்படித்தான் எனக்குத் தப்பிப்போயின. பிறகு எடுக்கும்போது, தேர் முழுவதையும் சட்டத்துக்குள் அடைக்க முயலாமல், வடத்தைப் பற்றிய கைகளையோ ஒரு சக்கரத்தையோ மட்டும் எடுங்கள். அருங்காட்சியகத்தில் நடந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், பொருளை முழுதாக எடுத்தவர்களுக்கு நினைவு மங்கியது. ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களுக்கு மங்கவில்லை.

நான் பலமுறை சறுக்கியது இதற்கு அடுத்த படியில்தான். எடுத்த படம் சரியாக வந்ததா என்று திரையைப் பார்ப்பேன், சற்று இருட்டாகத் தெரியும், இன்னொன்று எடுப்பேன், இரண்டில் எது நன்று என்று ஒப்பிட்டு நிமிர்வதற்குள் தேர் முக்கைக் கடந்திருக்கும். எனவே எடுத்த கையோடு, திரையைப் பாராமல், அலைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். படம் கலங்கியிருந்தால் கலங்கியதாகவே இருக்கட்டும். இதற்குப் பழக எனக்கு இரண்டு ஆனி மாதங்கள் ஆயின.

இனி வடம் பிடிக்கப் போகலாம். அதற்கு இரண்டு கைகளும் வேண்டும்.

பின்சேர்க்கை: "வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு நேரலையில் காட்ட வேண்டுமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் மட்டும் கொடுத்து, தேருக்குத் தேர் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பப் படத்தைத் தேர் நிலையிலிருந்து புறப்படும் முன்பே எடுத்து முடித்துவிடுவது நல்லது.