இரண்டடித் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வண்ண மீன் கடையில் எல்லா மீனும் சாதுவாகத்தான் தெரியும். அங்கே ஒரே வகைக் குஞ்சுகள் கூட்டமாக அடைந்து கிடக்கின்றன. தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள எந்த மீனுக்கும் வழியில்லை. வீட்டுத் தொட்டிக்கு வந்து சில நாள் கழிந்ததும்தான் ஒவ்வொன்றின் உண்மையான குணமும் வெளிப்படும். ஆகவே சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ கிளம்பும் முன்பே, என்னென்ன மீன், எத்தனை என்று தாளில் எழுதி முடித்துவிடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் வாங்குவது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம் கொண்ட தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 70 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போக 55 முதல் 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். இந்தத் தொட்டியை வைத்தே கீழே உள்ள படிகளைச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

எது எதைக் கடிக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, இரண்டு மீனும் ஒரே தண்ணீரில் நலமாக இருக்குமா என்பது. கடிபடாமலே மெலிந்து சாகும் மீன்கள் ஏராளம்.

குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் இப்படித்தான் இருக்கிறது. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு இது மிகவும் ஏற்றது. அமேசான் படுகையைச் சேர்ந்த நியான் டெட்ராவுக்கோ கனிமம் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீர் வேண்டும். பண்ணையில் பிறந்தவை ஓரளவு தாங்கும் என்றாலும், மோலிக்கும் நியானுக்கும் ஒரே தொட்டி என்பது இரண்டில் ஒன்றை வருத்தும் ஏற்பாடு. சிறுவாணி போன்ற மலைத் தண்ணீர் வரும் வீடுகளில் நிலைமை தலைகீழ். அங்கே டெட்ராக்கள் செழிக்கும், மோலிக்குக் கனிமம் போதாது.

தண்ணீரை மருந்து ஊற்றி மாற்றிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். கடின நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகள், நீங்கள் இறக்கிய பி.எச். (அமில, காரத்தன்மை) அளவை மறுபடி மேலே கொண்டுவந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு மிகவும் கெடுதலானது. கனிமம் நீக்கிய ஆர்.ஓ. நீர் கலப்பது ஒரு வழிதான், ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே விகிதம் தவறக்கூடாது. தொடக்கத்தில் உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே நல்லது.

வெப்பமும் இதில் சேர்ந்ததுதான். கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன், 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். கப்பிக்கு 24 முதல் 28 டிகிரி. போதாக்குறைக்கு கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிவிடும், வாய்க்குள் அடங்கும் சிறு மீனையும் விழுங்கும். இந்த இரண்டையும் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 2: வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்?

கடையில் பார்ப்பது பெரும்பாலும் குஞ்சு. ஆஸ்கார் ஓரடி வளரும். சில்வர் ஷார்க்கும் அப்படியே. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் ‘டேங்க் கிளீனர்’ ஓரடியையும் தாண்டும். இம்மூன்றுக்கும் இரண்டடித் தொட்டியில் இடமே இல்லை.

ஏஞ்சல் மீனைத் தனியே சொல்ல வேண்டும். நாணய அளவில் வாங்கும்போது நியான் டெட்ராக்களோடு அழகாகச் சுற்றி வரும். வளர்ந்ததும் ஒவ்வோர் இரவும் ஒரு நியான் குறையும். அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டாம். அமேசான் ஆறுகளிலும் சின்ன டெட்ராக்கள் ஏஞ்சலுக்கு இரைதான். வாய்க்குள் நுழையும் எதையும் மீன் உணவாகவே பார்க்கும்.

படி 3: குணம்

டைகர் பார்ப் துறுதுறுப்பான மீன், ஆனால் நீண்ட துடுப்பைக் கண்டால் கொத்தாமல் விடாது. ஏஞ்சல், கௌராமி, நீள்வால் கப்பி, ஃபைட்டர் எதுவும் அதனுடன் கூடாது. எட்டுப் பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும், மற்றவற்றைச் சீண்டுவது குறையும். மிகவும் பிடித்திருந்தால் அதற்கென்றே ஒரு தொட்டி வையுங்கள்.

ஃபைட்டர் ஆண் இரண்டை ஒன்றாக விடக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். கப்பி ஆணின் வண்ண வாலைக் கண்டும் அது போட்டிக்கு வந்த இன்னொரு ஃபைட்டர் என்று பாயலாம் என்பது தெரிவதில்லை. மூர்க்கமான ஃபிளவர்ஹார்ன் என்றால் தனித்தொட்டிதான், மறுபேச்சில்லை.

படி 4: எத்தனை?

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் விலை ஜோடிக் கணக்கில்தான். அதனால் ‘ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி’ என்று வாங்கிவரும் பழக்கம் வேரூன்றிவிட்டது. புதியவர்களின் தொட்டியில் நடக்கும் பாதித் தொல்லைக்கு இந்தப் பழக்கமே காரணம் என்பது என் கருத்து. டெட்ரா, பார்ப், டேனியோ, கோரிடோராஸ் (சிறு கெளுத்தி வகை) எல்லாம் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறைந்தால் அஞ்சி ஒளியும், நிறம் மங்கும், அல்லது அடுத்த மீனைச் சீண்டும். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்கும் பணத்தில் ஒரே வகையில் பத்து வாங்குங்கள். அவை சேர்ந்து நீந்தும் அழகே வேறு.

குட்டி போடும் மீன்களில் கணக்கு மாறும். ஆணும் பெண்ணும் ஒவ்வொன்றாக இருந்தால் ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணைச் சோர்வடையச் செய்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் வேண்டும். குட்டிகளே வேண்டாமென்றால் கப்பியில் ஆண்களை மட்டும் வாங்குங்கள். கடைத் தொட்டியில் ஆண்களோடு இருந்த பெண் கப்பி, உங்கள் வீட்டில் ஆணே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் குட்டி போடும்.

படி 5: மட்டம்

மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று பிரித்து நிரப்பினால் நெரிசல் தெரியாது. அடியில் துழாவும் கோரிடோராஸுக்கு மீசை தேயாதபடி மென்மணல் வேண்டும், கூரான கல் ஆகாது. மிச்ச உணவை அது பொறுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், மூழ்கும் உணவைத் தனியே போடுங்கள்.

படி 6: மூன்று சேர்க்கைகள்

கடின நீரென்றால்: ஆண் கப்பி ஆறு, பிளாட்டி ஐந்து. பிளாட்டியில் ஓர் ஆண் போதும், மற்றவை பெண்கள்.

மென்மையான அல்லது நடுத்தர நீரென்றால்: செர்ரி பார்ப் எட்டு, ஹனி கௌராமி ஒரு ஜோடி, கோரிடோராஸ் ஆறு. செர்ரி பார்ப் இலங்கையின் நிழலான ஓடைகளுக்கு உரியது, பார்ப் இனத்திலேயே மிகவும் சாது. செடிகள் அடர்ந்த தொட்டியில் ஆண்களின் சிவப்பு நன்றாக ஏறும்.

ஃபைட்டர்தான் வேண்டுமென்றால்: ஒரே ஒரு ஃபைட்டர், அடியில் ஆறு கோரிடோராஸ். இதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

படி 7: விடும் முறை

புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தினமும் ஒரு சிட்டிகை உணவு போட்டு, பரிசோதனைக் கருவியில் அமோனியாவும் நைட்ரைட்டும் எழும்பி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் மீன் வாங்கப் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல், சாதுவான கூட்ட மீன்களை முதலிலும் இடம் பிடிக்கும் குணமுள்ளவற்றைக் கடைசியிலும் விடுங்கள். கௌராமியோ ஃபைட்டரோ முதலில் போனால் முழுத் தொட்டியும் தனதென்று முடிவு செய்துவிடும். புது மீன்களை இரண்டு வாரமாவது வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள், வெள்ளைப்புள்ளி நோய் பெரும்பாலும் புது வரவோடுதான் வருகிறது. பையைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள்.

முதல் வாரம் உணவு போடும்போது கவனியுங்கள். துடுப்பில் கிழிசல், ஒரே மூலையில் ஒடுங்குதல், உணவுக்கு வராமல் இருத்தல் ஆகியவை எங்கோ ஒரு மீன் துரத்துகிறது என்பதன் அடையாளம். துரத்தும் மீனைத் தனியே பிரித்து, கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்து, சில நாள் கழித்துத் திரும்ப விட்டால் பழைய எல்லை மறந்து சமயத்தில் அடங்கும்.

அடங்காவிட்டால் கடைக்கோ மீன் வளர்க்கும் வேறொருவருக்கோ கொடுத்துவிடுங்கள். எந்த நிலையிலும் ஏரியிலோ கிணற்றிலோ ஆற்றிலோ விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த டேங்க் கிளீனர் இப்படி வெளியேறித்தான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. அதன் முரட்டுச் செதில் வலைகளைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் உணவிலும் அது பங்குக்கு வருகிறது.