பழைய ஹாக்கி வெற்றிகளை எடைபோடுவது எப்படி?

1928 ஆம்ஸ்டர்டாம் முதல் 1956 மெல்போர்ன் வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் இந்திய ஹாக்கி அணியே தங்கம் வென்றது. அந்தக் காலத்தைப் பற்றி எழுதவோ இளையவர்களுக்கு எடுத்துச் சொல்லவோ விரும்புபவர், கோல் எண்ணிக்கைக்கு முன்பாக எதிரில் நின்றது யார் என்பதைப் பார்க்க வேண்டும்.

1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என வென்றதையே பலரும் முதலில் குறிப்பிடுவார்கள். ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே நடந்த அந்தப் போட்டியில் இந்தியா, ஜப்பான், அமெரிக்கா என மூன்றே அணிகள்தாம் ஆடின. அதைத் தலையாய சான்றாக வைப்பது அந்த அணிக்கே நியாயம் செய்வதாகாது.

அதைவிட 1936 பெர்லினை விரிவாக எழுதலாம். போட்டிக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 1-4 என்று தோற்றதும், அணியை வலுப்படுத்தத் தாரா என்ற வீரர் இந்தியாவிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டதும், மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் கணக்கு 1-0 என்றே இருந்ததும் தெரிந்தால்தான், ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்தின் அணி 8-1 என்று முடித்ததன் கனம் வாசகருக்குப் புரியும். ஹிட்லர் அவருக்குப் பதவி தர முன்வந்தார் என்பது போன்ற கதைகளைச் சேர்த்தால், அவை கதைகள் என்றே குறிப்பிடுங்கள்.

அடுத்து, வராதவர்களைத் தேட வேண்டும். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் ஹாக்கியிலும் பிரிட்டன் ஆடவில்லை. 1948இல் வெம்பிளியில் அந்நாட்டையே 4-0 என வீழ்த்தியதன் மதிப்பு அதனால் கூடுகிறது; அதுவும் பிரிவினையால் வீரர்கள் சிதறிய பின் கிடைத்த வெற்றி. முன்பு இந்தியாவுக்கு ஆடிய தாராவே அப்போது பாகிஸ்தான் அணித்தலைவர்.

வீழ்ச்சிக்கு ஒரே ஆண்டைக் காரணம் காட்ட வேண்டாம். 1960இல் ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்ற அணி, 1964இல் மீண்டும் தங்கம் வென்றது. செயற்கைப் புல்தரை அறிமுகமான 1976 மான்ட்ரியலில்தான் ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

வாங்கிய கோல்களையும் மறவாமல் கணக்கெடுங்கள். 1928இல் 29 கோல், 1956இல் 38 கோல் அடித்த இந்தியா, இரண்டு முறையும் ஒன்றைக்கூட வாங்கவில்லை என்பதால், முன்வரிசை வீரர்களோடு கோல்காவலர்கள் ரிச்சர்ட் ஆலன், சங்கர் லட்சுமண் ஆகியோரின் பெயர்களும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.