பதினொன்றாம் பக்கத்தில் முளைத்த மீசை

மாதத்தில் ஒரு ஞாயிறு, புதிதாகக் கதை எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வழக்கம். போன ஞாயிறு வந்த கதை ஒன்றில், பதினொன்றாம் பக்கத்தில் நாயகன் மீசையைத் தடவிக்கொண்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்துப் பக்கமாக மழமழவென்று சவரம் செய்த ஒருவனோடு அல்லவா நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்! எழுதிய தம்பியிடம் கேட்டேன். "முதலிலிருந்தே அவனுக்கு மீசை உண்டு சார், சொல்ல விட்டுப்போச்சு" என்றார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். பெயர் மாறிப்போவது, காலையில் தொடங்கிய காட்சியில் திடீரென்று நிலா காய்வது எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். வாசிக்கிறவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று யோசிக்காமல் செய்கிற தவறுகள்தான் எழுதியவர் கண்ணுக்குப் படுவதில்லை.

முகத்தைப் பட்டியல் போடுவது

"அகன்ற நெற்றி, கூரிய நாசி, மெல்லிய உதடுகள், சுருட்டை முடி, மாநிறம்." காணாமல் போனவரைப் பற்றிய அறிவிப்பு இப்படி இருக்கலாம், கதை இருக்கக் கூடாது. வாசகர் சொல் சொல்லாகத்தான் வருகிறார். உதட்டுக்கு வந்து சேரும்போது நெற்றி கைநழுவிப் போயிருக்கும். "பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள்" என்று எழுதிப் பாருங்கள். பல்வரிசையையும் கூச்சத்தையும் வாசகரே போட்டுக்கொள்வார், மூக்கையும் சேர்த்து.

கண்ணாடி முன் நிறுத்தி வர்ணிப்பது

வேண்டாம்.

எல்லார் கண்ணுக்கும் தெரிவதைப் பிந்திச் சொல்வது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது. மற்றவர்கள் செய்தாலும் சரி, என் பழைய கதையில் பார்த்தாலும் சரி.

அப்போது ஒரு தையற்காரரைப் பற்றிக் கதை எழுதினேன். சின்ன ஊர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை. மகள் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அப்பாவின் மெஷினுக்கு மோட்டார் வாங்கி வருகிறாள். அவர் மாட்ட மறுக்கிறார். ஏன் என்பதுதான் கதை. சிறு வயதில் போலியோ வந்து அவருடைய வலது கால் சூம்பிவிட்டது. இத்தனை வருடமும் ஒற்றைக் காலால் பெடலை மிதித்துத்தான் குடும்பத்தை நடத்தினார். மோட்டார் வந்தால் அந்தக் காலுக்கு வேலை இல்லை.

இந்த விஷயத்தை நான் ஏழாம் பக்கத்தில் வைத்தேன். வாசகருக்கு அதிர்ச்சி தருகிறேனாம்!

பத்திரிகையில் கதை வந்தது. ஓவியர் அருமையாகப் படம் போட்டிருந்தார்: கழுத்தில் டேப், காதில் பென்சில், பெடல் மேல் அழகாக இரண்டு பாதங்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கதையை முழுசாகப் படிக்காமலே வரைந்துவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். அப்புறம் வாசகர் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்று இன்னும் மனப்பாடம்: "கதாசிரியர் பாதியில் காலை முடக்கிவிட்டார்."

ஓவியர் மேல் தப்பே இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. 'தையற்காரர் கடையைத் திறந்தார்' என்று முதல் வரியில் எழுதியதுமே வேலை தொடங்கிவிடுகிறது. வாசகர் தன் தெருவில் இருந்த கடையை எடுத்துப் போடுகிறார். துணி மூட்டைகள், காஜா எடுக்கும் பையன், மெஷின் எண்ணெய் வாசனை எல்லாம் அவர் கைக்காசு. அந்தத் தையற்காரருக்கு இரண்டு கால். ஆறு பக்கம் அந்தக் கால்களோடு பழகியவரிடம் போய், 'அது இல்லை, மாற்றிக்கொள்ளுங்கள்' என்கிறோம். மாற்ற முடியுமா?

பாதிதான் முடியும். 1994இல் ஹாலின் ஜான்சன், கொலீன் செய்ஃபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கிடங்குத் தீ விபத்தைப் பற்றித் துண்டு துண்டாகச் செய்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரி அறையில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு சிலிண்டர்களும் இருந்ததாக ஒரு செய்தி. அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று பின்னால் ஒரு திருத்தம். திருத்தத்தைப் படித்தவர்களுக்கு அது நினைவிலும் இருந்தது. ஆனால் தீயைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதிலில் பெயின்ட்டும் சிலிண்டரும் எட்டிப்பார்த்தன. செய்திக்கே இந்தக் கதி. கதையில், வாசகர் தானே கட்டி எழுப்பிய ஆளை இடிக்கச் சொன்னால் சும்மா விடுவாரா?

"அப்படியானால் ரகசியமே வைக்கக் கூடாதா?" என்று ஒரு தங்கை கேட்டார். தாராளமாக வைக்கலாம். கொலை செய்தவன் யார், கடிதத்தை எரித்தது யார், இதையெல்லாம் கடைசிவரை இழுக்கலாம். அது கதைக்குள் இருக்கிறவர்களுக்கும் தெரியாது. கடைக்குள் நுழைகிற யாருக்கும் முதல் நொடியில் தெரிகிற ஒன்றை வாசகருக்கு மட்டும் மறைப்பது வேறு. அவரை மட்டும் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போகிறோம்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் காஃப்கா. மனிதன் பூச்சியாக மாறிவிடும் அவருடைய கதை 1915இல் புத்தகமாக வரவிருந்தது. அட்டையில் பூச்சியை வரைந்துவிடப் போகிறார்களோ என்று பயந்து பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்: அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் இருப்பதாகக்கூடக் காட்டக் கூடாது. அட்டையில் கடைசியில் வந்தது, முகத்தைக் கைகளால் மூடிய ஒரு மனிதனும் பின்னால் திறந்த கதவும்தான். இவ்வளவு கறாரான மனுஷர், அவன் பூச்சியாகிவிட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்! கதை எதன்மேல் நிற்கிறதோ அதை வாசலிலேயே கொடுத்தார். எப்படிப்பட்ட பூச்சி என்பதில் பெரும்பகுதியை நம்மிடம் விட்டார்.

என் கதைக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. 'வலது காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இடது காலால் பெடலை மிதித்தார்.' முதல் பத்தியில் இதைப் போட்டிருந்தால் மோட்டார் வீட்டுக்குள் வந்ததுமே வாசகருக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். தொகுப்பில் அப்படித்தான் மாற்றினேன். தொகுப்பை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

எல்லாரும் படம் பார்க்கிறார்கள் என்று நம்புவது

1880இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், அன்று காலை உட்கார்ந்த சாப்பாட்டு மேசையை மனதில் கொண்டுவரச் சொல்லிப் பலரிடம் கேட்டார். சிலருக்குத் தட்டும் கோப்பையும் பளிச்சென்று தெரிந்தன, சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. 'மனக்கண்' என்பது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தவர்களும் உண்டு. படமே தோன்றாத இந்த நிலைக்கு ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 2015இல் 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தது.

என் தோழி ஒருத்தி அப்படித்தான். நாவல் பைத்தியம். பாத்திரங்களின் குரலும் சண்டையும் அவளுக்கு வருடக்கணக்கில் நினைவிருக்கும், முகம் கிடையாது. "மலை வந்தா பக்கத்தைத் திருப்பிடுவேன்" என்பாள். அவளைப் போன்றவர்களுக்கும் சேர்த்து எழுதுங்கள். மலை ஏறும்போது மூச்சு வாங்கட்டும், செருப்பு வழுக்கட்டும்.

வீட்டுக்கு வரைபடம் கொடுப்பது

வடகிழக்கில் பூஜை அறை, இடப்பக்கம் கூடம், அதை ஒட்டி சமையலறை என்று நீங்கள் எழுதியதைப் படித்துக்கொண்டே வாசகர் தன் பாட்டி வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். நுழையட்டும். திருடன் கொல்லைக் கதவு வழியாக வர வேண்டும் என்றால், முதல் அத்தியாயத்திலேயே ஒரு கீரைக்காரியை அந்தக் கதவைத் தட்டவிடுங்கள்.

நடிகர் பெயரைச் சொல்வது

"பார்க்க அந்த நடிகர் மாதிரியே இருப்பான்." எந்த வயதில்?

கண்ணின் நிறம்

கரிய விழிகளாம். நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும். பூனைக்கண் என்றால் மட்டும் சொல்லுங்கள், அதையும் முதல் பக்கத்தில்.