மனநோய் உள்ளவருக்கு வேலை தேடும்போது புதியவர்கள் செய்யும் தவறுகள்

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்த கையோடு மனநல மறுவாழ்வுப் பணிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் காலத்துச் சொதப்பல்களையே வரி பிசகாமல் திரும்பச் செய்கிறார்கள். ‘பைத்தியம்’ என்று சொல்லாதே, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்”

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவர் வந்து “வேலைக்குப் போகணும் சார்” என்கிறார். உடனே அவரைப் பயிற்சிக் கூடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். மெழுகுவர்த்தி, ஃபினாயில், காகிதக் கவர். நேரத்துக்கு வருகிறாரா, நாலு பேரோடு பழகுகிறாரா, எழுந்து போகாமல் வேலை செய்கிறாரா என்று ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த பிறகுதான் வெளி வேலை. அந்த நாள் லேசில் வராது.

பி.காம். படித்த ஒருவரை அப்படி ஒரு மையத்தில் கவர் ஒட்ட வைத்திருந்தார்கள். டேலி தெரிந்தவர், நோய் வருமுன் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியவர். மடிப்புக்கு வெளியே பசை வழிகிறது, கவனம் போதவில்லை என்று அவர் ஃபைலில் எழுதியிருந்தது. என்னை ஒட்டச் சொன்னாலும் வழியத்தான் செய்யும். அவர் அப்பா என்னிடம் கேட்டார்: “கவர் ஒட்டுறதுல பாஸானாத்தான் கணக்கு எழுத விடுவீங்களா சார்?”

பிறகு மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில் போடச் சேர்ந்தார். காதில் குரல்கள் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. பேட்ச் நம்பரையும் காலாவதித் தேதியையும் தப்பில்லாமல் அடித்தார். காலையில் ஷட்டர் தூக்கும்போது வாசலில் ஆள் நிற்க வேண்டும், அங்கே சிக்கல் வந்தது. படுக்கப் போகும்போது போடும் மாத்திரையின் அசதி விடிந்தும் தெளியவில்லை. டாக்டரிடம் பேசினோம். அதே மாத்திரையை ராத்திரி எட்டு மணிக்கே போடச் சொன்னார், சரியாகிவிட்டது. பயிற்சிக் கூடத்தில் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. அங்கே பதினோரு மணிக்கு வந்தாலும் கேட்பாரில்லை.

முதலில் வேலை, பயிற்சியும் துணையும் வேலையில் இருக்கும்போதே என்பது என் சொந்தச் சரக்கல்ல. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் 1990-களில் உருவாக்கிய முறை, ஐ.பி.எஸ். (Individual Placement and Support) என்பார்கள். வேலைக்குப் போகும் விருப்பம் ஒன்றே அதில் தகுதி. லண்டன், சூரிச், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வு 2007-இல் வந்தது. இந்த முறையில் போனவர்களில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது வெளி வேலை பார்த்தார்கள். பழைய பயிற்சி முறையில் 28 சதவீதம். ஒரு நாள் என்பது சின்ன அளவுகோல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலைப் பளுவில் நோய் முற்றிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும்: ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்தவர்கள் முறையே 20, 31 சதவீதம்.

தெரிந்தும் ஏன் உட்கார வைக்கிறார்கள்? வசதியாக இருக்கிறது. கூடம் நிறைய ஆள் இருந்தால் நிதி கொடுப்பவருக்குப் போட்டோ அனுப்பலாம். கடை கடையாக ஏறி இறங்குவது வெயிலில் அலையும் வேலை. வீட்டிலும் “எங்கேயோ போயிட்டு வர்றான்” என்று ஒரு நிம்மதி. இதற்கெல்லாம் விலை கொடுப்பவர் அந்த மனிதர். பயோடேட்டாவில் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. “இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?” என்று இன்டர்வியூவில் கேட்டால், கவர் ஒட்டினேன் என்றா சொல்வார்?

முதலாளியிடம் முந்திக்கொண்டு சொல்வது

நோயைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை அவர் உரிமையாகவே வைத்திருக்கிறது. அவர் சம்மதித்தாலும் நோயின் பெயர் தேவைப்படாது. “மாசத்துல ஒரு நாள் ஆஸ்பத்திரி போகணும், காலையில அரை மணி லேட்டா வர அனுமதி வேணும்” என்றால் கடைக்காரருக்குப் புரியும்.

அரசு வேலையில் கதை வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதைக் கேட்க, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்றிதழ் வேண்டும். மறைத்துவிட்டு அதைக் கேட்க முடியாது. இரண்டு வழியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் மட்டும் பேசுவது

வேலைக்குப் போகப் போவது அப்பா இல்லை.

மாத்திரையைப் பார்க்காமல் வேலை தேடுவது

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவரை ஓட்டல் அடுப்படிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுங்கும், வாந்தி வரும். மனம் ஒரு சமயம் எகிறியும் ஒரு சமயம் துவண்டும் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு நைட் ஷிஃப்டும் ஆகாது. தூக்கம் கெட்டால் மனம் எகிறிவிடும். சம்பளம் கூட என்று ஆசை காட்டுவார்கள். பகல் ஷிஃப்ட் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சேர்ந்ததும் ஃபைலை மூடுவது

முதல் சம்பளம் வாங்கியபின்தான் உங்கள் வேலையே தொடங்குகிறது. ஒருவர் நன்றாக நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் மாறினார், புது ஆள் எல்லோரிடமும் கத்துகிற ரகம். தன்னை மட்டும்தான் திட்டுகிறார் என்று இவர் நினைத்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை போன் பண்ணும் வழக்கம் இருந்ததால் விஷயம் தெரிந்தது, திங்கட்கிழமை திரும்பப் போனார்.

நேரில் பார்க்கப் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். மையத்தின் பெயர் போட்ட ஐ.டி. கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடை வாசலில் போய் நின்றால், அவர் சொல்லாமல் காத்ததை நீங்களே சொன்னதாக ஆகிவிடும். தெருமுனை டீக்கடையில் சந்தியுங்கள்.