ஜப்பானைப் படிக்க வேண்டுமா? குப்பை நாள் தெரிந்தவரைத் தேடுங்கள்

ஜப்பானைப் பற்றி எதைத் தேடினாலும் சீக்கிரமே வந்து நிற்பது நாலு வட்டம் போட்ட அந்த இகிகாய் படம். இகிகாய் என்றால் வாழ்வதற்கான பிடிப்பு. பிடித்த வேலை, கைவந்த வேலை, உலகத்துக்குத் தேவையான வேலை, காசு வரும் வேலை என்று நாலும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இகிகாய் என்று எழுதியிருக்கும். அந்தப் படம் ஜப்பானில் வரைந்ததே இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் வாழ்க்கையின் நோக்கம் என்று போட்ட வட்டங்களுக்கு நடுவில் 2014இல் ஒரு பிரிட்டிஷ்காரர் இகிகாய் என்ற சொல்லை ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். ஜப்பானியப் பாட்டி ஒருவரிடம் உங்கள் இகிகாய் என்ன என்று கேட்டால் பேரப்பிள்ளை, தோட்டம், கேட்பால் (gateball) என்ற பந்து விளையாட்டு என்று சின்னதாக ஏதாவது சொல்லலாம். அதில் காசு வருமா என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்த மாதிரிச் சரக்கைத் தாண்டி, அங்கேயே வாடகை கட்டி, வரி கட்டி, பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபப்பட்டு எழுதுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நானும் ரொம்ப நாள் செர்ரிப் பூக்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு அளவுகோல் கிடைத்தது: எழுதுகிறவருக்குத் தன் தெருவில் குப்பை போடும் நாள் தெரியுமா?

வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஜப்பானில் குப்பை விதி ஊருக்கு ஊர் மாறும். எரியும் குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டில் இன்னொரு நாள். பழைய சோபாவைத் தூக்கிப்போட வேண்டுமென்றால் பெரும்பாலான ஊர்களில் முதலில் பதிவு செய்து, பணம் கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். காலையிலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும், காக்கை கிளறாமல் மேலே வலை போட வேண்டும், தப்பான நாளில் வைத்தால் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், தெருவே பார்க்கும். தொகுஷிமா மாகாணத்தில் கமிகாத்சு என்ற மலை ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அங்கே குடியிருக்கிற யாருக்கும் இதைப் பற்றி ஒரு புலம்பலாவது இருக்கும். ஹோட்டலில் பத்து நாள் தங்கிவிட்டு எழுதுகிறவருக்கு இருக்காது, அவருக்குத் தெரு சுத்தமாக இருப்பது மட்டும்தான் தெரியும்.

ஆகவே தேடும்போது ஜப்பான் கலாசாரம் என்று தேடாதீர்கள். ஒரு வேலையை, ஒரு தொல்லையைத் தேடுங்கள். சில சொற்களைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். கொமிதாஷி என்றால் குப்பை வெளியே வைப்பது. சோனாய்காய் என்றால் தெருச் சங்கம். கைரான்பன் என்பது அந்தச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டை, வீடு வீடாகப் போகும், நீங்கள் பார்த்துவிட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும், மறந்தால் பேச்சு வாங்க வேண்டும். தான்ஷின் ஃபுனின் என்பது கம்பெனி மாற்றல் போட்டதால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வேறு ஊரில் தனியாகக் கிடப்பது. ஜிக்கா ஜிமாய் எனக்கு மிகவும் பிடித்த சொல், அதாவது வயதான பெற்றோர் போன பிறகு அல்லது முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, பிறந்த வீட்டைக் காலி செய்து மூடுவது. இவற்றில் ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஜப்பானிய எழுத்தில் எடுத்து, கூடவே நாட்குறிப்பு என்று பொருள்படும் நிக்கி என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். அம்மாவின் அலமாரியில் பிரிக்காமலே கிடந்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஐம்பது வயது மகளை உங்களுக்குச் சுற்றுலாப் பக்கம் எதுவும் காட்டாது.

எங்கே எழுதுகிறார்கள்? நோட் என்ற தளம் 2014இல் வந்தது, சாதாரண ஆட்கள் நீளமாக எழுத இன்று அதைத்தான் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஹதேனா அதைவிடப் பழசு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜப்பானில் பலர் சொந்தப் பெயரில் எழுத மாட்டார்கள். புனைபெயர் இருக்கும், முகம் இருக்காது, வேலை பார்க்கும் இடம் இருக்காது. அதனால் ஆளை நம்பலாமா என்று நமக்குத் தயக்கம் வரும். ஆனால் அங்கே பெயர் இல்லாத இடத்தில்தான் உண்மை வெளியே வருகிறது. 2016 பிப்ரவரியில் ஹதேனாவின் பெயரில்லா நாட்குறிப்புப் பகுதியில் ஒரு தாய் எழுதியது அப்படித்தான்: குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை, ஜப்பானே செத்துப்போ. தலைப்பே அதுதான். அது நாடாளுமன்றம் வரைக்கும் போனது. பெயரில்லாமல் எழுதியதை எப்படி உறுதி செய்வது என்கிற மாதிரிப் பிரதமர் பதில் சொல்ல, இடம் கிடைக்காதது எனக்குத்தான் என்று அட்டை பிடித்துக்கொண்டு தாய்மார்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். ஜப்பானியர் கோபத்தை வெளிக்காட்ட மாட்டார்கள் என்று எத்தனை கட்டுரை படித்திருப்போம்.

மொழி தெரியாதே என்றால், செயலி போதும், ஆனால் அதை ஒரு கண் வைத்துப் படிக்க வேண்டும். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் பாதி நேரம் இருக்காது, நம் பேச்சில் 'வந்தாச்சு, சாப்பிட்டாச்சு' என்று சொல்கிற மாதிரி. செயலி அந்த இடத்தில் அவன், அவள், நான் என்று எதையாவது தானே நிரப்பும். மாமியாரைப் பற்றிய பத்தியில் திடீரென்று ஒரு ஆண் வந்து சமைத்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு நஷ்டமும் உண்டு. வாதாஷி, போகு, ஓரே என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே அவர்களுக்குப் பல சொற்கள், ஒவ்வொன்றிலும் வயதும் தோரணையும் கொஞ்சம் தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாம் ஒரே 'நான்' ஆகிவிடும். யாராவது ஒருவரின் எழுத்து பிடித்துப்போனால், அவர் எந்த 'நான்' போடுகிறார் என்று மூலத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கவும் வேண்டும் என்றால் சாலரிமேன் செந்ரியு, அதாவது மாதச் சம்பளக்காரர்களின் கிண்டல் கவிதை. ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1987இல் இந்தப் பெயரில் தொடங்கிய போட்டி, 2022இல் பெயர் மாறியது, 5-7-5 அசையில் சாதாரண ஆட்கள் எழுதியனுப்புவது. மேனேஜர், தொப்பை, வீட்டில் மதிப்பில்லாத அப்பா, அந்தந்த வருடம் வந்த புதுச் சாதனம், இவைதான் பொருள். பத்து வருடத்துக் கவிதைகளை வரிசையாகப் படித்தால் ஒரு அலுவலகம் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

புத்தகம் என்று வந்தால், வேலை செய்துகொண்டே எழுதியவர்களைப் பிடியுங்கள். முராதா சயாகா 2016இல் அகுதாகவா பரிசு வாங்கிய நாவல் இருபத்துநாலு மணிநேரக் கடையில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றியது. அவரே அப்படிப்பட்ட கடையில் பல வருடம் பகுதிநேரமாக நின்றவர். கமாதா சத்தோஷி 1972இல் டொயோட்டா ஆலையில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, அசெம்பிளி லைனில் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று நாட்குறிப்பாக எழுதினார். ஜப்பானிய உற்பத்தி முறையைப் புகழும் மேலாண்மைப் புத்தகங்களோடு இதையும் படிக்க வேண்டும் என்பேன், முடிந்தால் இதை முதலில். கொரிய வம்சாவளியில் பிறந்த யூ மிரி, ஃபுகுஷிமாவிலிருந்து பிழைக்க வந்து கடைசியில் டோக்கியோவின் உவேனோ பூங்காவில் வீடில்லாமல் கிடக்கும் ஒருவரை எழுதினார். மொழிபெயர்ப்பு 2020இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது. அவர் ஃபுகுஷிமாவின் மினாமிசோமாவுக்கே குடிபோய் 2018இல் அங்கே புத்தகக் கடை திறந்தார். இப்படி ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் மொழிபெயர்த்த மற்றவையும் பெரும்பாலும் உங்களுக்கு ஒத்துவரும்.

தமிழில் தொடங்க வேண்டுமா? டோட்டோ-சான் இருக்கிறது, வீட்டில் ஏற்கெனவே இருந்தாலும் இருக்கும். குரோயானாகி தெத்சுகோ 1981இல் எழுதிய, தான் படித்த தோமோயே பள்ளியின் கதை. குழந்தைகள் புத்தகம் என்று ஒதுக்காமல், மதியச் சாப்பாட்டுப் பகுதிகளையும் போர் மெல்ல உள்ளே நுழையும் கடைசிப் பகுதியையும் இன்னொரு முறை படியுங்கள்.

வெளிநாட்டுக்காரர் எழுதினால் உள்ளிருந்து எழுதியதாகுமா? ஆகும், ஆனால் அவர் யாரோடு குடும்பம் நடத்தினார், யாருக்காக எழுதினார் என்று பார்க்க வேண்டும். லாஃப்காடியோ ஹெர்ன் கிரேக்கத் தீவில் பிறந்து 1890இல் ஜப்பான் வந்து, சாமுராய் குடும்பத்துப் பெண் செத்சுவை மணந்து, 1896இல் கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக் குடிமகன் ஆனவர். அவருக்கு ஜப்பானிய மொழி சரளமாகப் படிக்க வராது. அவர் எழுதிய ஜப்பானியப் பேய்க்கதைகளைச் செத்சுதான் தேடிப் படித்து, இவருக்குப் புரியும் உடைந்த மொழியில் சொன்னார், அதுவும் புத்தகத்தைப் பார்க்காமல் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வாராம். செத்சுவின் நினைவுக் குறிப்பு தனியாக இருக்கிறது. கணவரின் புகழ்பெற்ற கதைகளைவிட எனக்கு அதுதான் நெருக்கம். அலெக்ஸ் கெர் வேறு மாதிரி: இயா பள்ளத்தாக்கில் 1973இல் ஒரு பாழடைந்த கூரைவீட்டை வாங்கியவர், ஜப்பான் அழகை இழப்பதைப் பற்றி முதலில் ஜப்பானிய மொழியிலேயே எழுதி 1994இல் அங்கே பரிசும் வாங்கினார். உள்ளூர்க்காரர் படித்துத் திட்டுவார் என்று தெரிந்து எழுதியதை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் பிறந்துவிட்டாலே போதுமென்று நினைக்காதீர்கள். புஷிதோ, அதாவது சாமுராய் நெறி, என்ற சொல்லை உலகத்துக்கு விற்ற புத்தகத்தை நிதோபே இனாசோ 1900இல் ஆங்கிலத்தில், மேற்கத்திய வாசகருக்காக வெளியிட்டார், அப்போது சாமுராய் என்ற வர்க்கமே ஒழிந்து வருடக்கணக்காகிவிட்டது. 'நாங்கள் ஜப்பானியர்கள் தனிப்பிறவிகள்' என்று எழுதுவதற்கு நிஹோன்ஜின்ரோன் என்று அங்கே தனி வகையே இருக்கிறது. என் வழி எளிது: ஒரு பக்கத்தில் எத்தனை வாக்கியம் 'ஜப்பானியர்கள்' என்று தொடங்குகிறது என்று எண்ணுவேன், நாலைத் தாண்டினால் மூடிவிடுவேன். 'எங்கள் மாமியார்', 'மூன்றாவது மாடிக்காரர்' என்று தொடங்கினால் கூடவே போவேன்.

ஒரே விஷயத்தை இரண்டு மூன்று பேரிடம் படிப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, பல ஊர்களில் சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு மெட்டு போடுவார்கள், பெரும்பாலும் யூயாகே கோயாகே என்ற குழந்தைப் பாட்டு. பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தது போலவும் ஆச்சு, பிள்ளைகளே வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னது போலவும் ஆச்சு. இதை ஒரு தாய் எப்படி எழுதுகிறார், இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்கும் தொழிலாளி எப்படி எழுதுகிறார், கிராமத்தைவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்து அதே மெட்டைக் கேட்டவர் எப்படி எழுதுகிறார் என்று தேடிப் பாருங்கள். தேடுவதற்குச் சொல் கோஜி நோ சைமு, ஐந்து மணி மணியோசை.