கெர்னல் சோதனை கெடு தாண்டும்போது

நாகர்கோவிலில் ஆனி, ஆடிக் காற்று வலுக்கும் நாள்களில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். மடிக்கணினி பேட்டரிக்கு மாறியதும் செயலியின் வேகம் குறைய, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கென, காலையில் 30 வினாடியில் முடிந்த ஒரு சோதனை, நிரலில் ஒரு வரிகூட மாறாமலே மாலையில் கெடு தாண்டித் தோற்கிறது. உடனே கெடுவைக் கூட்டத்தான் கை போகும். அதற்கு முன், சோதனை மெதுவாக ஓடியதா, எங்காவது அடியோடு நின்றுபோனதா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

கெர்னலோடு வரும் சோதனைத் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்டில் ஒவ்வொரு சோதனை நிரலுக்கும் இயல்பான கெடு 45 வினாடி. ஆனால், தொங்கிக் கிடக்கும் பணிகளைக் கண்டறியும் கெர்னலின் சொந்தக் கண்காணிப்பு இயல்பாக 120 வினாடி பொறுத்த பிறகே வாய் திறக்கும். ஆகவே, எந்தச் செயற்கூறில் பணி சிக்கியது என்ற தடயம் பதிவாகும் முன்பே சோதனை தோற்றதாக அறிவிக்கப்பட்டுவிடலாம். பிழை தேடும்போது அந்த 120-ஐ 15 ஆகக் குறைத்து வையுங்கள். கண்காணிப்பு சுற்றுச் சுற்றாகவே பார்ப்பதால் அறிக்கை வர ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகலாம், என்றாலும் பணி தொடக்கத்திலேயே சிக்கியிருந்தால் 45-க்குள் வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் பலரை ஏமாற்றும். கெர்னலுக்குள் குறுக்கிட முடியாத உறக்கத்தில் கிடக்கும் பணி, கொல்லும் சமிக்ஞை அனுப்பினாலும் சாகாது. அதன் முடிவுக்காக, சோதனைகளை இயக்கும் நிரலான சோதனை ஓட்டியும் சேர்ந்து காத்துக் கிடக்கும். எனவே கெர்னலை, கியூஎமு என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டி, அதன் சீரியல் வெளியீட்டை (கெர்னல் அச்சிடும் செய்திகளை) வெளியே ஒரு கோப்பில் சேமித்து, முழு ஓட்டத்துக்கும் தேவையானதைவிடச் சற்று அதிகமான கெடுவை வெளியிலிருந்து விதிக்க வேண்டும். உள்ளே எல்லாம் உறைந்தாலும் இயந்திரத்தையே நிறுத்திவிடலாம். தடயமும் கோப்பில் தங்கும்.

தடயம் எதுவும் இல்லாமல் சோதனை மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது என்றால், மின் இணைப்பில் சில முறை ஓட்டி அளந்து பாருங்கள். எல்லா இயந்திரங்களிலும் 45 போதாவிட்டால், அந்தச் சோதனையின் அடைவிலுள்ள 'செட்டிங்ஸ்' கோப்பில் கெடுவை உயர்த்தி, காரணத்தைப் பேட்ச் (நிரல் திருத்தம்) விளக்கத்தில் எழுதுங்கள். அந்த எண் அடைவிலுள்ள எல்லாச் சோதனைகளுக்கும் பொருந்தும் என்பதால் தாராளம் கூடாது. உங்கள் மடிக்கணினி மட்டும் தள்ளாடினால் கோப்பைத் தொடாமல், சோதனை ஓட்டியிலுள்ள கெடு மாற்றும் தெரிவைக் கொண்டு அந்த ஓட்டத்துக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.