முறுக்குச் செய்தி பத்திரிகையில் வந்தது இப்படித்தான்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டிலேயே முறுக்கும் சில்லி பைட்ஸும் (பக்கோடா போன்ற காரப் பலகாரம்) சுட்டு விற்கிறோம். தீபாவளிக்கு முன் எங்களைப் பற்றிய செய்தியைப் படத்தோடு உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு மூன்று முறை மின்னஞ்சலில் அனுப்பியும் பதிலே இல்லை. செய்தியைச் சுருக்கினேன், தலைப்பை மாற்றினேன். பத்து நாள் வீண்.

அப்புறம் நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, கோளாறு படத்தில். போனிலிருந்து கணினிக்கு வாட்ஸ்அப் வழியே மாற்றியிருந்தேன். 4 எம்பி படம் 150 கேபியாகச் சுருங்கிவிட்டது. திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமாம்; சுருங்கிய படத்தில் அவ்வளவு இல்லை.

அம்மா முறுக்கு பிழியும் மூலப் படத்தைக் கேபிள் போட்டு எடுத்துத் தனிக் கோப்பாக இணைத்தேன். செய்தியைப் பிடிஎஃப் ஆக்காமல் மின்னஞ்சலிலேயே எழுதி, படத்தில் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாகக் கொடுத்தேன். அடுத்த வாரமே வந்துவிட்டது. அப்பாடா!